இணையத்தின் இலக்கணம்

இலக்கணம் என்பது எவரோ ஒருவர் இட்ட கட்டளையன்று. பேசுவோரும் கேட்போரும் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடு என்று எங்கள் தமிழாசிரியை அடிக்கடி கூறுவார். உடன்பாட்டின் அருமையை எங்கள் பக்கத்து மக்கள் நன்கு அறிவர். திருத்தணியை அடுத்து, ஆந்திர எல்லைக்கு அருகில் உள்ளது கே.ஜி.கண்டிகை. திருத்தணிப் பகுதி தமிழகத்தோடு இணைந்ததே 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்றுதான். இரு மாநிலங்களும் பேசி ஒப்புக்கொண்ட பின்னரே எல்லைக்கோடு இடம் மாறியது. இன்றும் எங்கள் கடைத்தெருவில் ஒருவர் தமிழில் விலை கேட்பார். மற்றவர் தெலுங்கில் விடை சொல்வார். விரல் மடக்கி எண்ணிக் காட்டுவர். பேரம் படியும், பண்டம் கை மாறும். மொழி வேறாயினும் முறை ஒன்றானால் காரியம் நடக்கும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

உலகத்துக் கணிப்பொறிகளையெல்லாம் பிணைத்து நிற்கும் இணையமும் இவ்வாறே நடைபெறுகிறது. அமெரிக்காவில் செய்த பொறியும் ஜப்பானில் செய்த பொறியும் நம் அப்பாவின் கைபேசியும் ஒன்றோடொன்று பேசுவதற்குச் சில உடன்பாடுகள் உண்டு. ஆங்கிலத்தில் அவற்றைப் ‘புரோட்டோகால்’ என்பர். தமிழில் நெறிமுறை என்கிறோம். கம்பியும் கோபுரமும் இணையத்தின் உடல் என்றால், நெறிமுறையே அதன் உயிர் என்பது மிகையாகாது.

பத்தாம் வகுப்பினராகிய எங்களுக்கு இணையத்தோடு ஒரு பெரிய வேலை காத்திருக்கிறது. அதுதான் தேர்வு முடிவு! எங்கள் அன்னையர் காலத்தில் செய்தித்தாளில் பதிவெண்ணைத் தேடினார்களாம். இன்றோ அரசின் தளத்தைத் திறந்து, பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் தட்டினால் சில நொடிகளில் மதிப்பெண் கண்முன் நிற்கிறது. அந்தச் சில நொடிகளில் நிகழ்வது என்ன? கணிப்பொறி ஆசிரியையைக் கேட்டுக் கேட்டு நாங்கள் அறிந்தவற்றைத் தோழியரோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நாம் தட்டுவது ஒரு பெயர். கணிப்பொறிக்கோ பெயர் தெரியாது, எண்தான் தெரியும். பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தரும் ஏற்பாட்டுக்கு டி.என்.எஸ். என்று பெயர். நம் வீட்டில் அத்தையின் பெயரைத் தொட்டால் கைபேசி அவர் எண்ணுக்கு அழைப்பதில்லையா, அது போலத்தான். ஆரம்ப நாட்களில் இதற்கு ஒரே ஒரு பட்டியல்தான் இருந்தது. கலிபோர்னியாவில் எலிசபெத் ஃபைன்லர் என்னும் அம்மையாரின் குழுவினர் அதைப் பேணி வந்தனர். பிணைந்த பொறிகள் பெருகப் பெருக ஒரே பட்டியல் தாங்கவில்லை. ஆகவே 1983ஆம் ஆண்டில் பால் மொகபெட்ரிஸ் என்பவர் வேலையைப் பகிர்ந்தளிக்கும் முறையை வகுத்தார். ‘.இன்’ என்று முடியும் பெயர்களுக்கு ஓரிடம் பொறுப்பு. அதற்குள் அடங்கிய பெயர்களுக்கு வேறோர் இடம் பொறுப்பு. மாநிலம், மாவட்டம், வட்டம், ஊர் என்று நிருவாகம் இறங்கி வருவது போன்ற அமைப்பு இது.

தொடக்கத்தில் ஆங்கில எழுத்துக்கு மட்டுமே இதில் இடமிருந்தது. 2011ஆம் ஆண்டில் தமிழில் ‘.இந்தியா’ என்ற முடிவும், தெலுங்கில் ‘.பாரத்’ என்ற முடிவும் நம் நாட்டுக்குக் கிடைத்தன. இலங்கைக்கு ‘.இலங்கை’யும் சிங்கப்பூருக்கு ‘.சிங்கப்பூர்’ என்பதும் தமிழ் எழுத்திலேயே உண்டு என்பது நமக்கெல்லாம் பெருமையன்றோ! ஆனால் தமிழ்ப் பெயர் உள்ளே செல்லும்போது ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு மாற்றுருவம் பூண்டே செல்கிறது. பழைய உடன்பாட்டைக் கலைக்காமலே புதியவருக்கு இடம் கொடுத்த நல்ல ஏற்பாடு இது.

எண் கிடைத்தாயிற்று. இனி ஐ.பி. என்னும் நெறிமுறையின் வேலை. தபாலில் திருத்தணிக்கு 631209 என்று எண் இருப்பது நாம் அறிந்ததே. 1972ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 முதல் நம் நாட்டில் இம்முறை உள்ளது. தபால் ஊழியர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதில்லை; எண்ணைப் பார்த்து உரிய பையில் இடுகிறார். ஐ.பி.யும் அப்படித்தான். இணையத்தில் பிணைந்த ஒவ்வொரு பொறிக்கும் ஓர் எண்முகவரி உண்டு. பழைய முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே கிடைக்கும். உலகத்துக்கு இது போதும் என்றுதான் எண்ணியிருந்தனர். ஆனால் 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் மையக் கையிருப்பு தீர்ந்துபோயிற்று. இப்போது அதனோடு புதிய முறையும் நடைமுறையில் உள்ளது. அதில் கிடைக்கும் முகவரிகளை எழுத வேண்டுமானால் 340 என்று எழுதி அதன் பின்னே 36 சுழியங்கள் இட வேண்டும்!

அனுப்பும் செய்தி முழுதாகப் போவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாக நறுக்கப்பட்டுப் போகிறது. பெரும்பாலும் ஒரு பொட்டலத்தின் அளவு 1,500 பைட்டுக்குள் அடங்கும். தமிழ் எழுத்துக் குறி ஒன்றுக்கு வழக்கமாக 3 பைட் வேண்டியிருப்பதால், ஒரு பொட்டலத்தில் ஏறத்தாழ 500 குறிகளுக்கே இடம். எல்லாப் பொட்டலங்களும் ஒரே வழியில் போக வேண்டும் என்பதும் இல்லை. திருத்தணியிலிருந்து சென்னைக்கு அரக்கோணம் வழியாக இரயிலிலும் போகலாம். திருவள்ளூர் வழியாகப் பேருந்திலும் போகலாம். ஒரு வழி அடைபட்டால் மறு வழி உண்டு. 2008ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா அருகே கடலடிக் கம்பிவடங்கள் இரண்டு அறுந்தன. இந்தியாவிலிருந்து மேற்கே செல்லும் இணையப் போக்குவரத்து பெரிதும் தடைப்பட்டது. பொட்டலங்களைக் கிழக்கே திருப்பி, பசிபிக் பெருங்கடல் வழியாக அனுப்பினர். வேகம் குறைந்தது உண்மை. ஆனால் உறவு அறவில்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூர் வரை ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கடலடி வடம் 2002 முதல் இருப்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

பொட்டலங்கள் வெவ்வேறு வழியில் போனால் வரிசை குலையாதா? ஒன்றிரண்டு காணாமற் போகாதா? போகும்! ஐ.பி. அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அந்தக் கவலையைச் சுமப்பது டி.சி.பி. என்னும் மற்றொரு நெறிமுறை. இதை நாங்கள் பள்ளி மைதானத்தில் விளையாடியே கற்றோம். எங்கள் ஆசிரியை ஒரு நீண்ட வாக்கியத்தைப் பன்னிரண்டு சீட்டுகளாகக் கிழித்து, ஒவ்வொன்றிலும் வரிசை எண்ணும் பெறுபவள் பெயரும் எழுதினார். மைதானத்தின் ஒரு கோடியில் அனுப்புபவள். மறு கோடியில் பெறுபவள். இடையே நால்வர் ‘ரூட்டர்’களாக நின்றார்கள். ரூட்டர் என்பது பொட்டலத்தின் முகவரியைப் பார்த்து அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடும் கருவி. ஐந்தாம் சீட்டு மூன்றாம் சீட்டுக்கு முன்னே வந்து சேர்ந்தது. ஏழாம் சீட்டைக் காற்று வேப்பமரத்துக்கு அப்பால் அடித்துச் சென்றது. பெறுபவள் வந்தவற்றை வரிசைப்படுத்திவிட்டு, “ஆறு வரை வந்தது, ஏழை எதிர்பார்க்கிறேன்” என்று சொல்லி அனுப்பினாள். அனுப்பியவள் ஏழாவதை மட்டும் மீண்டும் எழுதி அனுப்பினாள். வாக்கியம் எழுத்துக் குறையாமல் உருப்பெற்றது. டி.சி.பி. செய்வதும் அச்சாக இதுவே.

அன்று எங்களுக்கு வேறொன்றும் விளங்கிற்று. இடையில் நின்ற நால்வரில் மிக விரைவாகச் சீட்டுகளைத் தள்ளியவள், எல்லைக்கு அப்பாலிருந்து இவ்வாண்டு வந்து சேர்ந்த தோழிதான். தமிழ் எழுத்தை அவள் இப்போதுதான் பழகி வருகிறாள். மற்ற மூவரும் ஆவல் தாங்காமல் சீட்டில் இருப்பதைப் படித்துக்கொண்டு நின்றார்கள். இவளோ பெறுபவள் பெயரை மட்டும் அடையாளம் கண்டு அடுத்த கைக்குக் கொடுத்துவிட்டாள். உள்ளே இருப்பது என்ன மொழி, நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று பார்ப்பது ரூட்டரின் வேலையன்று.

டி.சி.பி. தன் வேலையைத் தொடங்குமுன் மூன்று சொல்லில் ஒரு வணக்கம் நடக்கிறது. “பேசலாமா?” என்கிறது ஒரு பொறி. “பேசலாம், நான் சொல்வது கேட்கிறதா?” என்கிறது மற்றது. “கேட்கிறது” என்று முதற்பொறி சொன்ன பின்னரே செய்தி புறப்படும். இத்தனை மரியாதைக்கும் நேரமில்லாத வேலைகளும் உண்டு. அவற்றுக்காக 1980ஆம் ஆண்டில் யு.டி.பி. என்ற எளிய நெறிமுறை வகுக்கப்பட்டது. அது அனுப்பும், வந்ததா என்று கேட்காது. நேரில் பேசும் குரலும் படமும் பெரும்பாலும் இவ்வழியே வருகின்றன. நாங்கள் தொடக்கப்பள்ளியில் படித்த 2020ஆம் ஆண்டில், கைபேசி வகுப்பில் ஆசிரியையின் குரல் நடுநடுவே விழுங்கப்பட்டதை நாங்கள் மறக்கவில்லை. தவறிய அசையைப் பத்து நொடி கழித்துக் கொண்டுவந்து கொடுத்தால் என்ன பயன்? ஆகவே அதை விட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறது.

வழி ஏற்பட்டபின், “இந்தப் பக்கத்தைக் கொடு” என்று கேட்பதும், “இதோ” என்று கொடுப்பதும் எச்.டி.டி.பி.யின் வேலை. கேட்டதற்கெல்லாம் அது ஓர் எண்ணோடு விடை சொல்லும். 200 என்றால் கிடைத்தது. 404 என்றால் அப்படி ஒரு பக்கமே இல்லை. 503 என்றால் இப்போது முடியவில்லை, பிறகு வா. முடிவு வெளியாகும் காலையில் இலட்சக்கணக்கானோர் ஒரே கதவைத் தட்டும்போது 503 வந்தால், தோழியரே, கலங்க வேண்டாம். நம் மதிப்பெண் எங்கும் ஓடிவிடாது! ஐரோப்பாவின் செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1989ஆம் ஆண்டில் முன்வைத்த யோசனையிலிருந்து பிறந்தது இது. 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் அந்நிலையம் இதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று உலகுக்கு அளித்துவிட்டது.

மின்னஞ்சலைக் கொண்டு சேர்ப்பது எஸ்.எம்.டி.பி. கோப்புகளைக் கொண்டுபோக வகுக்கப்பட்டது எஃப்.டி.பி. இந்த எஃப்.டி.பி.யை 1971ஆம் ஆண்டில் முதன்முதலாக எழுதியவர் ஓர் இந்தியர் என்பது எங்களுக்கு வியப்பூட்டியது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்று அமெரிக்கா சென்ற அபய் பூஷண்தான் அவர்.

இந்நெறிமுறைகளை வகுத்தவர்கள் எவ்வளவு அடக்கத்தோடு வகுத்தனர் என்பதும் அறியத்தக்கது. 1969ஆம் ஆண்டு ஏப்ரலில் ஸ்டீவ் குரோக்கர் என்ற மாணவர் முதற்குறிப்பை எழுதியபோது, அதற்குச் ‘சட்டம்’ என்று பெயரிடவில்லை. ‘கருத்து வேண்டுகோள்’ என்றே பெயரிட்டார். இன்றுவரை அப்பெயரே நிலைத்துள்ளது. அவ்வாண்டு அக்டோபர் 29ஆம் நாள் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து மற்றோர் ஆராய்ச்சி நிலையத்துக்கு ‘லாகின்’ என்ற ஆங்கிலச் சொல்லை அனுப்ப முயன்றனர். முதல் இரண்டு எழுத்துகள் சென்றதும் பொறி நின்றுவிட்டது! விண்ட் செர்ஃப், ராபர்ட் கான் என்ற இருவர் 1974இல் வெளியிட்ட திட்டமே டி.சி.பி., ஐ.பி. இரண்டுக்கும் வித்து. 1983ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அன்றைய வலையமைப்பு முழுவதும் அம்முறைக்கு மாறியது. நம் நாட்டில் 1986இல் தொடங்கிய ‘எர்நெட்’ என்னும் கல்வி வலையமைப்பின் எட்டு நிறுவனங்களுள் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று. பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று. அந்நாளில் இணைப்புப் பெற்ற நகரங்களுள் சென்னையும் இருந்தது.

இத்தனையும் படித்தபின் எங்களுக்கு ஓர் உண்மை தெளிவாயிற்று. ஒவ்வொரு நெறிமுறையும் தனக்கிட்ட வேலையைத்தான் செய்கிறது. டி.என்.எஸ். எண்ணைத் தரும், அங்கே இருப்பவர் யோக்கியரா என்று சொல்லாது. ஐ.பி. வழி காட்டும், சரக்கு என்ன என்று பார்க்காது. டி.சி.பி. எழுத்துக் குறையாமல் சேர்க்கும். அந்த எழுத்து மெய்யா பொய்யா என்று ஆராயாது. இது ஏன் முக்கியம் என்று கேட்கலாம். எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில் நடந்ததைச் சொன்னால் விளங்கும்.

அவள் தந்தையார் விசைத்தறித் தொழிலாளி. தாயாரின் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. மகளுக்குக் கல்வி உதவித்தொகை வந்திருப்பதாகவும், இணைப்பைத் தொட்டு விவரம் தந்தால் பணம் கணக்கில் சேரும் என்றும் அதில் இருந்தது. அம்மையார் உடனே தொட்டுவிடவில்லை. பக்கத்து வீட்டில் படித்த ஒருவரிடம் காட்டிக் கேட்டார். அவர் பார்த்துவிட்டு, “முகவரியில் பூட்டுப் படம் இருக்கிறது, பயமில்லை” என்றார். பிறகு ஓ.டி.பி. கேட்டது, கொடுத்தார். தறிக்கூலியில் சிறுகச் சிறுகச் சேர்த்த ஆறாயிரம் ரூபாய் ஒரே நிமிடத்தில் போயிற்று. 1930 என்ற எண்ணில் புகார் செய்திருக்கிறார்கள். பணம் இன்னும் திரும்பவில்லை. தோழி மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று கேட்டாள்: “மிஸ், பூட்டு இருந்ததே! பிறகு எப்படி?” நாற்பது பேர் இருந்த வகுப்பில் ஓசையே இல்லை.

எங்கள் ஆசிரியை அன்று சொன்ன விளக்கம் இதுதான். எச்.டி.டி.பி.யோடு ‘எஸ்’ என்ற எழுத்துச் சேர்ந்தால் செய்தி பூட்டிய பெட்டியில் போகிறது என்று பொருள். இடையில் இருப்போர் எவரும் படிக்க முடியாது, மாற்றவும் முடியாது. நாம் தட்டிய பெயருக்குரிய பொறியோடுதான் பேசுகிறோம் என்பதற்கும் அது சான்று தருகிறது. ஆனால் அந்தப் பெயரை வாங்கி வைத்திருப்பவர் நல்லவரா என்பதற்கு அது சான்றன்று. திருடனும் ஒரு பெயரை வாங்கலாம், பூட்டையும் மாட்டலாம். தாயார் தந்த ஓ.டி.பி. வழியில் எவர் கண்ணிலும் படாமல் மிகப் பத்திரமாகத் திருடனிடமே போய்ச் சேர்ந்தது! பூட்டு காப்பது பாதையைத்தான்; பாதையின் முடிவில் அமர்ந்திருப்பவனை அன்று. இந்தத் தவறான எண்ணம் உலகெங்கும் இருந்ததால்தான், 2023ஆம் ஆண்டில் கூகுள் குரோம் உலாவி அந்தப் பூட்டுப் படத்தையே நீக்கிவிட்டு வேறொரு குறியை வைத்தது.

மின்னஞ்சலிலும் இதே நிலைதான். எஸ்.எம்.டி.பி.யை 1982இல் எழுதிய ஜான் போஸ்டெல், தான் அனுப்புவதில் கண்டிப்பும் பிறர் அனுப்புவதை ஏற்பதில் தாராளமும் வேண்டும் என்ற கொள்கை உடையவர். அன்று வலையில் இருந்தோர் சிலரே; பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஆகவே அனுப்புநர் என்ற இடத்தில் எவர் பெயரை எழுதினாலும் அது ஏற்றுக்கொண்டது. சோதிக்கும் முறைகளெல்லாம் பின்னரே சேர்ந்தன. தாராளம் நல்ல குணந்தான். ஆனால் அறியாதார் கூடும் பெருஞ்சந்தையில் தாராளத்துக்கு விவேகம் துணை வேண்டும்.

அந்த விவேகத்தை எந்த நெறிமுறையும் நமக்காகச் செய்து தராது. ஆதலால் எங்கள் வகுப்பினர் சேர்ந்து மூன்று கேள்விகளை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். முதலாவது: இந்த முகவரியை நாமே தட்டினோமா, அல்லது யாரோ அனுப்பிய இணைப்பைத் தொட்டோமா? இரண்டாவது: பெயர் எழுத்துக்கு எழுத்துச் சரிதானா? அது எதில் முடிகிறது? மூன்றாவது: பணம் நமக்கு வருவதானால் ஓ.டி.பி.யோ இரகசிய எண்ணோ எதற்கு? வாங்கும் கைக்குச் சாவி தேவையில்லையே! ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் ஒருவருக்காவது இதைச் சொல்லித் தர வேண்டும் என்றும் முடிவு செய்தோம். முதலில் சொல்லித் தந்தவள் அந்தத் தோழிதான். தன் தாயாருக்குச் சொன்னதோடு, தறிக்கூடத்தில் உடன் வேலை செய்யும் பெண்களுக்கும் சொல்லுமாறு அவரைக் கேட்டுக்கொண்டாளாம். எல்லைக்கு அப்பாலிருந்து வந்த தோழி அக்கேள்விகளைத் தெலுங்கிலும் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

பெற்றோர்களே, தோழியரே! பெயரைத் தேடித் தரவும், வழி காட்டவும், குறையாமல் சேர்க்கவும், பூட்டிக் காக்கவும் நெறிமுறைகள் பல உள்ளன. அவை ஓயாமல் உழைக்கட்டும். வந்த பொட்டலத்தைப் பிரித்தபின் அதில் உள்ளது நன்றா தீதா என்று தெளிவது மட்டும் நம்முடைய வேலை. முடிவு வரும் காலையில் நாமே தட்டிய முகவரியில், நம் கண்ணாலேயே மதிப்பெண்ணைப் பார்த்து மகிழ்வோமாக!

(பத்தாம் வகுப்பு மாணவி)